வண்டி பழசு, எஞ்சின் புதுசு

‘மஸில் கார்’ என்று ஒரு ரகம் உண்டு, கேள்விப்பட்டிருக்கிறீர்களோ? பெயரைக் கேட்டால், விடியற்காலையில் எழுந்து நூறு தண்டால் எடுத்துவிட்டு, நாலு முட்டையை உடைத்து அப்படியே விழுங்கும் மோட்டார் என்று தோன்றுகிறதல்லவா? தப்பில்லை. விஷயம் ஏறக்குறைய அதுதான்.

அமெரிக்காவில் 1964-ஆம் வருஷத்து மாடலாக பாண்டியாக் கம்பெனிக்காரர்கள் ஒரு காரை வெளியிட்டார்கள். நடுத்தரக் குடும்பத்தார் வாங்கும் ‘டெம்ப்பெஸ்ட்’ என்ற பரம சாதுவான வண்டியை எடுத்துக்கொண்டார்கள். பெரிய கார்களுக்கென்று செய்து வைத்திருந்த 389 கன அங்குல எஞ்சினை, அதாவது நம் கணக்கில் 6.4 லிட்டர் எஞ்சினை, அதன் வயிற்றுக்குள் இறக்கினார்கள். 325 குதிரை சக்தி! ஆனால் தலைமைக் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது: நடுத்தரக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று. பாண்டியாக் ஆசாமிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? “இது புதுக் காரே அல்ல. டெம்ப்பெஸ்ட் வாங்குகிறவர்கள் பிரியப்பட்டால் கேட்டு வாங்கிக்கொள்ளும் உபரிச் சாமான்” என்று விலைப் பட்டியலில் எழுதிவிட்டார்கள். விதியும் பிழைத்தது, எஞ்சினும் நுழைந்தது. அதுதான் புகழ்பெற்ற ‘ஜி.டி.ஓ.’ அதன் பிறகு மஸ்டாங் என்ன, கமாரோ என்ன, சார்ஜர் என்ன, அமெரிக்கச் சாலைகளெல்லாம் ஒரே பயில்வான்கள் மயம்!

1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஒரு வருஷத்துக்குள் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நாலு மடங்காயிற்று. பயில்வான்களுக்குத் தீனி போட முடியாமல் போயிற்று. கோதா கலைந்தது.

இப்போது அந்தக் கிழட்டுப் பயில்வான்களைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய எட்டு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, ஜப்பானிலிருந்து வந்த எஞ்சினைப் பொருத்துகிறார்கள் ஒரு சாரார். 2006-இல் வெளியான ‘டோக்கியோ டிரிஃப்ட்’ என்ற ஹாலிவுட் படத்தில் இந்தச் சமாசாரம்தான் கதையின் உச்சக் கட்டமே. 1967-ஆம் வருஷத்து மஸ்டாங் காரில் நிஸ்ஸான் கம்பெனியின் ஆறு சிலிண்டர் எஞ்சினை ஏற்றி மலைப் பாதையில் பந்தயம் விடுவார்கள். அந்த நிஸ்ஸான் எஞ்சின் வெறும் 2.6 லிட்டர்! அந்த வருஷத்து மஸ்டாங்கில் கிடைத்த பெரிய எஞ்சினோ 6.4 லிட்டர். பாதி கூட இல்லாத பொடியன் பயில்வானுக்குச் சமமாக எப்படி இழுக்கிறான் என்று கேட்பீர்கள். புகையாக வெளியே போகும் காற்று வீணாகாமல் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சக்கரம் இன்னொரு சக்கரத்தைச் சுழற்றி, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று அதிகம் போனால் எண்ணெயும் அதிகம் எரியலாம் அல்லவா? டர்போ என்கிறார்களே, அது இவ்வளவுதான்.

அமெரிக்காவிலுள்ள பழைய கார் பக்தர்கள் இதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். ‘அபசாரம்! பட்டத்து யானையின் கழுத்தில் சைக்கிள் மணியைக் கட்டிவிட்டானே!’ என்கிற மாதிரி அலறுகிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு காரின் வயிற்றில் இன்னொரு காரின் எஞ்சினை வைத்ததால் பிறந்த குழந்தைதானே அந்த ஜி.டி.ஓ.? அதன் பக்தர்கள் எஞ்சின் மாற்றத்தை மகாபாபம் என்று சொல்வது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

‘காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டு இவன் எதற்காக அமெரிக்கக் காரைக் கட்டிக்கொண்டு அழுகிறான்?’ என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. எங்கள் மாமா வீட்டு வாசலில் ஓர் அமெரிக்கக் கார் நிற்கிறது. மூன்று மாதமாக அந்த வீட்டில் இதே பேச்சுத்தான்.

அது பந்தயக் கார் அல்ல, பயில்வானும் அல்ல. 1953-ஆம் வருஷத்து டாட்ஜ் கிங்ஸ்வே. நாலு பேர் உட்காரும் இடத்தில் ஏழு பேர் உட்கார்ந்து, மடியில் நாலு பட்டுப் பெட்டியையும் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கக் கார் என்றாலும் பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் பூட்டியது. கிரைஸ்லர் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டாட்ஜ், பிளிமத், டிஸோட்டோ கார்களையெல்லாம் அவர்கள் இங்கேயே பூட்டி விற்றார்கள். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் அதற்கு வெகு காலம் முன்பே, 1920-களிலேயே, இந்தியாவுக்கு வந்து கார் பூட்டியவர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, ‘இங்கேயே உதிரிப் பாகங்களைச் செய், இல்லையேல் கடையைக் கட்டு’ என்கிற மாதிரி சர்க்கார் கொள்கை வகுத்ததும், 1950-களின் நடுவில் இருவருமே மூட்டை கட்டினார்கள்.

எங்கள் தாத்தா இந்த டாட்ஜை 1960-களில் மூன்றாவது கையாக வாங்கினார். ஆறு சிலிண்டர், 3.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். தொண்ணூறுக்கு மேல் குதிரை சக்தி. ஓடும்போது சத்தமே கேட்காதாம். பெட்ரோல் குடிக்கிற சத்தம் மட்டும் தாத்தாவுக்கு இரவில் தூக்கத்தில் கூடக் கேட்குமாம்! பட்டணத்துக்குப் போகச் சுமார் 75 கிலோமீட்டர், வர 75. புடவை விற்ற லாபத்தில் ஒரு பங்கு வழியிலேயே புகையாகப் போய்விடும். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் அமெரிக்காக்காரனுக்கு வந்த அதே கஷ்டம் பிள்ளையார்பாளையத்துக்கும் வந்தது. அவன் பயில்வானை ஷெட்டில் தள்ளினான். எங்கள் தாத்தாவோ 1974-இல் எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் ஒன்றைப் பூட்டினார்.

பெர்க்கின்ஸ் என்பது இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரத்துக் கம்பெனி, 1932-இல் தொடங்கியது. ஆனால் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அது அந்நியச் சரக்கே அல்ல. சென்னை செம்பியத்தில் சிம்ப்ஸன் கம்பெனி 1950-களிலேயே பெர்க்கின்ஸ் எஞ்சின்களைச் செய்யத் தொடங்கிவிட்டது. சிம்ப்ஸன் சாமானியமான கம்பெனியா என்ன! 1840-இல் குதிரை வண்டி செய்ய ஆரம்பித்து, 1903-இல் நீராவிக் கார் ஒன்றைச் செய்து சென்னை வீதியில் ஓட்டிக் காட்டியவர்கள். அவர்களுடைய டீசல் எஞ்சினை லாரிக்காரர்களும் பஸ்காரர்களும் பழைய பெட்ரோல் வண்டிகளில் ஏற்றினார்கள். அதைப் பார்த்துக் கார்காரர்களுக்கும் தைரியம் வந்தது.

தைரியம் வந்ததே தவிர, வேகம் போயிற்று. இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, பொறுமையாகக் கேளுங்கள். பழைய டாட்ஜ் எஞ்சின் நிமிஷத்துக்கு 3,600 சுற்றுச் சுற்றும்போதுதான் முழு பலத்தையும் காட்டும். அந்தக் காலத்துப் பெர்க்கின்ஸோ 2,000 சுற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதுமே, ‘இதற்கு மேல் என்னால் ஆகாது’ என்று நின்றுவிடும். எஞ்சின் மாறினாலும் பின் அச்சிலுள்ள கிரவுன் பினியன் பழையதுதானே? ஆகவே எஞ்சின் எவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறதோ அவ்வளவு மெதுவாகத்தான் சக்கரமும் சுற்றும். குதிரைகளும் ஏறக்குறைய பாதிதான். போதாக்குறைக்கு இரும்புக் கனம் வேறு. முன் ஸ்பிரிங் இரண்டும் தலையைக் குனிந்துகொள்ளும். தாத்தா கவலைப்படவில்லை. “பட்டுப் புடவை என்ன, பால் பாக்கெட்டா? சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்தால் போதும்” என்பாராம்.

இப்படிச் செய்தவர் அவர் ஒருவர் மட்டும் என்று எண்ண வேண்டாம். நம் நாட்டில் கம்பெனிகளே இந்தக் கைங்கரியத்தைச் செய்திருக்கின்றன. ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மகாயுத்தத்தில் அமெரிக்கப் பட்டாளத்துக்காகப் பிறந்த வண்டி. அதை மகிந்திரா கம்பெனியார் இங்கே பூட்டினார்கள். பெட்ரோல் எஞ்சினுக்குப் பதில் டீசல் வந்தது. 1980-களில் பிரெஞ்சுக்காரரான பெஜோவின் டீசல் எஞ்சின் வந்தது. அமெரிக்க உடம்பு, பிரெஞ்சு இருதயம், இந்திய டிரைவர்! நம் மலைப் பாதைகளில் எத்தனையோ வருஷம் அது ஏறி இறங்கவில்லையா?

அம்பாஸடர் கதையும் இதேதான். 1957-இல் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற இங்கிலீஷ் காரின் அச்சில் வார்க்கப்பட்டு, முப்பது வருஷத்துக்கு மேல் அதே பரம்பரை எஞ்சினோடு முனகிக்கொண்டிருந்தது. 1990-களின் ஆரம்பத்தில் ஜப்பானின் இஸுஸு எஞ்சினை அதில் வைத்தார்கள், 1,817 சி.சி. ஐந்து கியர் வந்தது. கிழவி திடீரென்று ஓட்டப் பந்தயத்தில் பெயர் கொடுத்துவிட்டாள்! டாக்ஸிக்காரர்கள் பாடு கொண்டாட்டம். 2014-இல் உத்தர்பாரா தொழிற்சாலை நிற்கும் வரைக்கும் அந்த ஜப்பானிய ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. (2017-இல் அம்பாஸடர் என்ற பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டவர்கள் யார் தெரியுமோ? அதே பெஜோ கம்பெனிதான். பெயருக்கு மட்டும் 80 கோடி!)

சென்னையில் செய்த என்ஃபீல்டு புல்லட்டை மறந்துவிடக் கூடாது. அதன் வயிற்றில் 325 சி.சி. டீசல் எஞ்சினை வைத்து ‘டாரஸ்’ என்று கம்பெனியே விற்றது. ஆறரைக் குதிரைதான். ஆனால் கிராமத்துப் பால்காரர்களைக் கேட்டால், அந்த ஆறரையும் ஆறரைக் கோடி பெறும் என்பார்கள்.

கடல் கடந்தும் நம்மவர்கள் இதில் சளைத்தவர்கள் அல்ல. 1990-களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது பெட்ரோல் என்பது மருந்துச் சாமான் ஆகிவிட்டது. அங்கே இருந்தவையோ ஆஸ்டின், மாரிஸ் மைனர் முதலிய பழைய இங்கிலீஷ் கார்கள். யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் அவற்றை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கிளப்புவதற்கு மட்டும் துளி பெட்ரோல், சூடேறியதும் மண்ணெண்ணெய். புகை மண்டும், நாற்றமடிக்கும், எஞ்சின் இருமும். ஆனால் பிரசவ வலி கண்ட பெண் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். அப்படிப்பட்ட காரிடம் போய், ‘நீ அசலா?’ என்று யார் கேட்பார்கள்?

இனி மாமா வீட்டுக்கு வருவோம்.

மாமாவுக்கு இப்போது எழுபது வயது. ஐம்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்த இடுப்பு. வெள்ளிக்கிழமை தோறும் அந்த டாட்ஜைத் தாமே ஓட்டிக்கொண்டு காமாட்சியம்மன் கோயிலுக்குப் போய் வருவது அவர் வழக்கம். எங்கள் தெருவில் காலை நேரத்தில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் கார் என்ன, காக்கை கூடக் குறுக்கே போக முடியாது. ஆகவே பாவு சுருட்டிய பிறகு பத்து மணிக்குக் கிளம்புவார். ஆறு மாதத்துக்கு முன் டாக்டர், “இந்த டீசல் வண்டியின் அதிர்வு உங்கள் முதுகுக்கு ஆகாது. இந்தக் கிளட்ச்சையும் இனி மிதிக்கக் கூடாது” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு நின்ற கார்தான். மாமா தினமும் காலையில் அதைத் துடைக்கிறார். ஏறி உட்காருவதில்லை. துடைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மாமா பிள்ளை ஒரகடம் பக்கத்தில் ஒரு கார்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அவனுக்கும் சகிக்கவில்லை போலிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னை புதுப்பேட்டைக்குப் போய், பழைய டொயோட்டா குவாலிஸ் காரின் டீசல் எஞ்சினை, ரசீதோடும் கியர் பெட்டியோடும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டான்!

“நாலு சிலிண்டர், 2.4 லிட்டர். 4,000 சுற்று வரைக்கும் போகும். அதிர்வு இதில் கால் பங்கு கூட இருக்காது. கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருக்கும். ஏ.ஸி. கூட வைக்கலாம், மச்சான்!” என்று என்னிடம் சொன்னான். அப்பாவிடம் நேரே சொல்லத் தைரியமில்லை, நான் தூது.

மாமா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “ஏண்டா, எஞ்சின் மாற்றுவது என்று ஆனால் பழைய எஞ்சினையே திரும்ப வைப்பதுதானே?” என்றார்.

பழைய எஞ்சின் எங்கே இருக்கிறது என்கிறீர்களா? கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையில், கோணிக்கு அடியில், ஐம்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறது. தாத்தா ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதன் பிளக் ஓட்டைகளில் எண்ணெய் விட்டு, கைப்பிடியைப் போட்டு நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, குங்குமம் வைப்பார். அவருக்குப் பிறகு மாமா அதையே செய்கிறார். அதனால் பிஸ்டன் இறுகவில்லை. இன்றைக்கும் சுற்றுகிறது.

மாமாவின் யோசனைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 2021-ஆம் வருஷம் ஜூலை மாதம் மத்திய சர்க்கார் புராதன மோட்டார் வண்டிகளுக்கென்று ஒரு விதி போட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியாக இருக்க வேண்டும். சட்டத்திலோ உடம்பிலோ எஞ்சினிலோ பெரிய மாறுதல் செய்யாமல் அசலாக இருக்க வேண்டும். அப்படியிருந்தால் ‘வி.ஏ.’ என்ற எழுத்துப் போட்ட தனி நம்பர் உண்டு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய். பத்து வருஷத்துக்குச் செல்லும். பழைய எஞ்சினை மறுபடி பூட்டிவிட்டால் அந்த நம்பருக்கு மனுப் போடலாமே என்று மாமாவுக்குச் சபலம்.

நான் பத்திரிகைக்காரன் ஆயிற்றே! விதியை எடுத்து வைத்துக்கொண்டு உரக்கப் படித்தேன். அந்த நம்பர் வாங்கிய வண்டியைக் கண்காட்சிக்குக் கொண்டு போகலாம். புராதனக் கார் ஊர்வலத்தில் விடலாம். தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கு ஓட்டலாம். எண்ணெய் போடவும் ரிப்பேர் பார்க்கவும் போகலாம். மற்றபடி ரோட்டில் வழக்கமாக ஓட்டிக்கொண்டு திரியக் கூடாது; சம்பாத்தியத்துக்கும் விடக் கூடாது.

“வெள்ளிக்கிழமை கோயிலுக்கு?” என்றார் மாமா.

“அந்தப் பட்டியலில் காமாட்சியம்மன் இல்லை, மாமா.”

“கோயிலுக்குப் போகாத கார் எனக்கு எதுக்கு, மாப்பிள்ளே?” என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டார். புராதன நம்பர் விவகாரம் அத்தோடு முடிந்தது.

எனக்கு அந்த விதியின் மேல் கோபமில்லை. அசல் வண்டிகளைக் காப்பாற்றி வைக்க ஒரு விதி வேண்டியதுதான். ஒரு கார்கூட அசலாக மிஞ்சாவிட்டால் நம் பேரப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது? ஆனால் காட்சிக்கு நிற்கும் கார் வேறு, ஓடும் கார் வேறு. ஓடும் காரிடம் அசல் எஞ்சினை எதிர்பார்ப்பது, எழுபது வயது மனிதரிடம் பால் பல்லை எதிர்பார்ப்பது போலத்தான்.

ஆனாலும் சண்டை ஓயவில்லை. குவாலிஸ் எஞ்சினைப் பூட்டலாம் என்று மாமா ஒப்புக்கொண்ட பிறகுதான் உண்மையான சண்டையே தொடங்கியது. புது எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி டாட்ஜின் முன் குறுக்குச் சட்டத்தில் இடித்தது. பிள்ளை ஒரு சாக்பீஸை எடுத்துச் சட்டத்தில் கோடு போட்டான். “இங்கே வெட்டி எடுத்துட்டு வெல்டு வைத்தால் தீர்ந்தது. கியர்த் தண்டுக்குத் தரையிலே ஒரு ஓட்டை” என்றான்.

மாமா எழுந்து நின்றுவிட்டார். “எஞ்சினை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாத்திக்கோ. வண்டியிலே கத்தி வைக்காதே!” என்றார்.

முதலில் எனக்கு இது வெறும் பிடிவாதம் என்றுதான் தோன்றியது. எஞ்சினே போகும்போது நாலு அங்குலச் சட்டம் எந்த மூலைக்கு? மாமா என்னைக் கையைப் பிடித்து உள்ளே தறிக்கு அழைத்துப் போனார். அது அவருடைய பாட்டனார் காலத்துத் தறி. அப்போது அடைத் தறி. நெய்கிறவர் ஒருவர், பேட்டுக்கு நூலைத் தூக்கிக் கொடுக்க அடை இழுக்கிற பையன் ஒருவன். பிறகு ஜக்கார்டு வந்தது. பிரான்சு தேசத்தில் லியோன் என்ற பட்டு ஊரில் 1804-இல் ஜக்கார்டு என்பவர் கண்டுபிடித்த யந்திரம். ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாக வந்து, எந்த இழை எழும்ப வேண்டும், எது படுக்க வேண்டும் என்று சொல்லும். அடைப் பையன் வேலை போயிற்று. அதாவது, எங்கள் தறியும் ஒரு விதத்தில் வெளிநாட்டு எஞ்சின் ஏற்றியதுதான்!

“மேலே பார்” என்றார் மாமா. ஜக்கார்டுப் பெட்டி தனியாக நட்ட கால்களின் மேல் நின்றது. தறிக் கட்டையில் ஒரு வெட்டுக் கூட இல்லை. “எங்க பாட்டன் தறிக் கட்டையைத் தொடவே இல்லை. நாளைக்கே பெட்டியை இறக்கினால் மறுபடி அடை கட்டலாம். என் அப்பாவும் அப்படித்தான் பெர்க்கின்ஸை வைத்தார். பழைய ஓட்டையிலேயே போல்ட் பூட்டினார். அவர் அன்றைக்கு வெட்டியிருந்தால், இன்றைக்கு இவன் என்னத்தை வைப்பான்?”

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? எங்கள் பேட்டையை ஒட்டியே கயிலாசநாதர் கோயில் இருக்கிறது. ராஜசிம்ம பல்லவன் கட்டியது. ஆயிரத்து முந்நூறு வருஷமாகிறது. மணற்கல் சிற்பங்கள் தேய்ந்தபோது பிற்காலத்தார் அவற்றின் மேல் சுதை பூசிவிட்டார்கள். சில முகங்கள் அந்தப் பூச்சில் உப்பிப் போய்விட்டன என்று ரசிகர்கள் குறைப்பட்டுக்கொள்வது உண்டு. ஆனால் பூச்சு உதிர்ந்த இடத்தில் பல்லவச் சிற்பியின் உளி வேலை அப்படியே தெரிகிறது. பூசியவர் பூசினாரே தவிர, உளியை எடுத்துக்கொண்டு பழசைச் செதுக்கித் தள்ளவில்லை. மாமாவின் கட்சி அதுதான் என்று எனக்குப் புரிந்தது. அன்று முதல் நானும் அந்தக் கட்சி. அமெரிக்காவில் மஸ்டாங்கின் முன்புறத்தை அறுத்துத் தள்ளிவிட்டு ஜப்பானிய எஞ்சினை ஏற்றுகிறவனைப் பற்றியும் எனக்கு இந்த ஒரு கேள்விதான் உண்டு: அறுத்தாயா, பூட்டினாயா? பூட்டியவனிடம் எனக்குச் சண்டையில்லை.

விவகாரத்தைத் தீர்த்து வைத்தவர் மெக்கானிக் பாய். எங்கள் பக்கத்தில் முப்பது வருஷமாக ஷெட் வைத்திருப்பவர். அதிகம் பேச மாட்டார். காருக்கு அடியில் படுத்தவர் அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார்.

“ஐயா, பழசு ஆறு சிலிண்டர், நீளம். இது நாலு சிலிண்டர், குட்டை. முன்னாலே இடம் கிடக்குது. எஞ்சினைக் கொஞ்சம் பின்னாலே தள்ளி வைத்து, எண்ணெய்த் தொட்டியை மட்டும் வேறே மாதிரி தட்டிக்கிட்டா சட்டத்திலே இடிக்காது. தொட்டி இரண்டாயிரம் மூவாயிரத்திலே இன்னொண்ணு கிடைக்கும். சட்டம் கிடைக்குமா?” என்றார்.

பிள்ளை வாயைத் திறக்கவில்லை. சாக்பீஸ் கோட்டைக் கால் சட்டையிலே கையைத் துடைப்பது போலத் துடைத்தான்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. எஞ்சினைத் தாங்கப் புதிதாக இரண்டு இரும்புத் தாங்கிகள். அவை தாத்தா பெர்க்கின்ஸுக்குப் போட்ட அதே ஓட்டைகளில் உட்கார்ந்தன. பின்னாலே போகும் புரொபெல்லர் தண்டு புது அளவுக்குத் தனியாகச் செய்யப்பட்டது, பழையதை வெட்டவில்லை. 1953-இல் ஆறு வோல்ட் மின்சாரம். தாத்தா பன்னிரண்டாக்கி வைத்திருந்ததால் அந்தத் தொல்லை இல்லை. கியர்த் தண்டுக்கு மட்டும் தரைத் தகட்டில் ஓட்டை வேண்டியிருந்தது. பாய் அசல் தகட்டைத் திருகு கழற்றி எடுத்து, எண்ணெய் தடவி, காகிதம் சுற்றி மாமா கையில் கொடுத்துவிட்டு, அதன் இடத்தில் வேறொரு தகட்டை வைத்து அதிலே ஓட்டை போட்டார். மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே அப்போது! நகைப் பெட்டியை வாங்குவது போல வாங்கிக்கொண்டார்.

நான் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன்: பிரேக். எஞ்சின் துள்ளினால் போதாது, நிற்கவும் வேண்டும். எழுபது வருஷத்து டிரம் பிரேக்கை நம்பி எழுபது வயதுக்காரர் ஓட்டுவது எனக்குச் சம்மதமில்லை. பாய் நாலு சக்கரத்திலும் பிரேக்குக்குப் புது லைனிங் போட்டு, குழாய்களையும் மாற்றினார். ஏ.ஸி. வேண்டாமென்று மாமா சொல்லிவிட்டார். “காஞ்சிபுரத்திலே இருந்துகொண்டு வெயிலுக்குப் பயப்படுவதா?” என்றார். நியாயம்தான், ஆனால் பின் ஸீட்டில் உட்காருகிறவர்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வண்டி தயார். ஆனால் தெருவில் இறங்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு இருக்கிறதே! பதிவு அதிகாரியின் அனுமதியில்லாமல் எஞ்சினை மாற்றி ஓட்டக் கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் ஒரு எஞ்சின் நம்பர், வண்டியில் வேறொன்று என்றிருந்தால் இன்ஷூரன்ஸும் கைவிரித்துவிடும். உங்களில் யாருக்காவது இந்த ஆசை இருந்தால், ஸ்பானரை எடுப்பதற்கு முன் மனுவை எழுதுங்கள். பழைய எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு ரசீதைப் பத்திரமாக வாங்கி வையுங்கள். புதுப்பேட்டையில் எஞ்சின் சுலபமாகக் கிடைக்கும். ரசீது கேட்டால்தான் சிலர் முகம் மாறும். அப்படி மாறினால் அந்தக் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். மாமா பிள்ளை ரசீதோடுதான் வாங்கியிருக்கிறான். மனுவும் போட்டாயிற்று. அதிகாரி வந்து பார்க்க வேண்டும்.

அதுவரை மாமா தினமும் காலையில் வாசலிலேயே காரைக் கிளப்பி ஐந்து நிமிஷம் ஓட விட்டு, கிளட்ச்சை மிதித்து மிதித்துப் பார்க்கிறார். முதுகு வலிக்கவில்லையாம்.

பெர்க்கின்ஸ் எஞ்சின் கொல்லைப்புறத்துக் கொட்டகைக்குப் போய், பழைய டாட்ஜ் எஞ்சினுக்குப் பக்கத்தில் கோணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. இந்த ஆயுத பூஜைக்கு இரண்டுக்கும் எண்ணெய் விட வேண்டும். அத்தை மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்க மாமாகிட்டே நீயே சொல்லு, தம்பி. இன்னும் ஒரு எஞ்சின் வந்தால் விறகு வைக்க இடம் கிடையாது” என்றாள்.